பெட்டி போகட்டும், தரவு இருக்கட்டும்

எங்கள் தலைமுறை சர்வர்களுக்குப் பெயர் வைத்து வளர்த்தது. ஒன்றுக்கு ஆற்றின் பெயர், இன்னொன்றுக்கு மலையின் பெயர். ஒன்று படுத்துவிட்டால் இரவெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுப்புவோம். புதிது வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை. 2013-இல் டாக்கர் வந்தது. அடுத்த ஆண்டே கூகுள் குபெர்னெட்டிஸை வெளியிட்டது. அதற்குப் பின் தொழிலுக்கு வந்த பிள்ளைகளாகிய நீங்கள் கற்றது வேறு பாடம்: பழுதானதோடு மல்லுக்கட்டாதே, நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்பு. நல்ல பாடம்தான், எங்கள் இரவுகளில் பாதியை அது மிச்சப்படுத்தியிருக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கன்டெய்னரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிறப்பிக்கலாம். அதற்குள் வாழ்ந்த மனிதர்களின் கணக்கும் கடிதமும் ஒரு முறைதான் பிறக்கின்றன. தூக்கியெறியத் தெரிந்த கையும் காக்கத் தெரிந்த மனமும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும். இன்றைய வேலையின் கடினம் அங்கேதான் இருக்கிறது.

கன்டெய்னர் ஓடும்போது எழுதுவதெல்லாம், இமேஜின் மேல் விரிந்த மெல்லிய ஓர் அடுக்கில் போய்ச் சேர்கிறது. நிறுத்தினால் அந்த அடுக்கு தங்கும். கன்டெய்னரை நீக்கினால் அதுவும் போகும். நிலைக்க வேண்டியதை வால்யூமில் எழுத வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித்தரப்படுவது. ஆனால் வால்யூமில் எழுதினாலே பத்திரம் என்ற நிம்மதியும் அதே நாளில் மனதில் குடியேறிவிடுகிறது.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கு, டாக்கர் கம்போஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட இளைஞர் கெட்டிக்காரர். தன் மடிக்கணினியில் சோதனை செய்யும்போதெல்லாம் ‘டவுன்’ கட்டளையோடு ‘வி’ என்ற ஒற்றை எழுத்தையும் சேர்த்து அடிப்பார். பழைய தரவு துடைக்கப்பட்டு எல்லாம் சுத்தமாகத் தொடங்கும். ஒரு மாலை அவர் நின்ற இடம் கடையின் சர்வர். கையோ பழகிய கை. வால்யூமோடு டேட்டாபேஸும் போயிற்று. கடைக்காரர் பில் புத்தகங்களை எறியாமல் வைத்திருந்ததால், ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாக மறுபடியும் ஏற்றினார்கள். அந்தப் பையனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பயன் இல்லை. பழக்கம் கையில் இறங்கிவிட்டால் கண் சரிபார்ப்பதில்லை, அது எல்லோருக்கும் பொது. கண் தவறும் நாளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இல்லை, பேக்கப் அந்தச் சர்வரிலேயே, இன்னொரு வால்யூமில் இருந்தது; அதே கட்டளையில் அதுவும் போயிற்று.

குபெர்னெட்டிஸில் இதே பள்ளம் இன்னும் மரியாதையான உடையில் நிற்கிறது. பெர்சிஸ்டென்ட் வால்யூம் என்று பெயர். பெர்சிஸ்டென்ட் என்றதும் அது என்றும் இருக்கும் என்று நம்பத் தோன்றும். ஆனால் ஸ்டோரேஜ் கிளாஸ் வழியே தானாகப் பிறக்கும் வால்யூமுக்கு, நீங்கள் ஏதும் சொல்லாவிட்டால், ‘டிலீட்’ என்பதே விதி. அந்த வால்யூமைக் கேட்டுப் பெற்ற கிளெய்மை நீக்கினால் கிளவுடில் இருக்கும் உண்மையான டிஸ்க்கும் நீங்கும். ‘யாரும் பயன்படுத்தாத நேம்ஸ்பேஸ்’ என்று ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை துடைத்தால், அதிலிருந்த கிளெய்ம்களும் அவற்றின் டிஸ்க்குகளும் சேர்ந்தே போகின்றன. முக்கியமான டேட்டாபேஸ்களுக்கு ‘ரீட்டெய்ன்’ என்று மாற்றிவையுங்கள். ஆதரவற்ற டிஸ்க்குகள் சில குவியும், மாத பில் சற்று ஏறும். ஏறட்டும்.

இனி ஒரு பெரிய நிகழ்ச்சி. அது கன்டெய்னரில் நடந்ததல்ல; ஆனாலும் தரவைக் காக்கும் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அதை ஒரு முறையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்பேன். 2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனத்தில் துணை டேட்டாபேஸுக்குத் தரவு சரியாகப் போய்ச் சேரவில்லை. நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு பொறியாளர், துணை சர்வரின் தரவு அடைவைக் காலிசெய்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தார். அவர் இருந்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். பேக்கப் எடுக்க அவர்களிடம் பல வழிகள் இருந்தன. நாள்தோறும் எடுக்கப்படும் டேட்டாபேஸ் டம்ப் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார்கள், காலி. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6-இல், டம்ப் எடுத்த கருவியோ 9.2-ஐச் சேர்ந்தது, ஆகவே ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழையைச் சொல்ல மின்னஞ்சல் ஏற்பாடும் இருந்தது. அந்த அஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. கிளவுட் நிறுவனத்தின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதுவும் மெதுவான டிஸ்க்குகளில் இருந்ததால், பிரதியெடுத்து முடிக்கவே பதினெட்டு மணி நேரம் போலப் பிடித்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பயனர்கள் பதிந்த சுமார் 5,000 புராஜெக்ட்களின் விவரமும், அதே அளவு கருத்துகளும், 700 அளவில் புதிய கணக்குகளும் போயின.

நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பின்னர் எங்கெங்கே தவறினோம் என்று விரிவான அறிக்கையும் வெளியிட்டது, அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லாமல். அந்தப் பண்பை நான் மதிக்கிறேன். ஒருவரைத் தூக்கில் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தால், காலியாகக் கிடந்த அந்தப் பேக்கப் இடம் காலியாகவே தொடர்ந்திருக்கும். பேக்கப்களைத் தானாகவே மீட்டுப் பார்த்துச் சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்வதும் அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று.

நம் ஊர் விவசாயி விதைநெல்லைக் குதிரில் வைத்துவிட்டு அப்படியே நாற்றங்காலுக்கு எடுத்துப் போவதில்லை. ஒரு பிடியை ஈரத் துணியில் கட்டிவைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே விதைப்பார். பூச்சி தின்ற நெல்லும் குதிருக்குள் நெல்லாகத்தான் தெரியும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பும் அப்படித்தான். திரையில் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று எழுதியிருப்பதை நம்பி எத்தனையோ நிர்வாகிகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

கன்டெய்னர் உலகில் இந்தப் பச்சை எழுத்து கூடுதலாக ஏமாற்றும். வெலெரோ என்ற கருவியைப் பலரும் பயன்படுத்துகிறீர்கள்; 2017-இல் ‘ஆர்க்’ என்ற பெயரில் ஹெப்டியோ தொடங்கியது அது. டிப்ளாய்மென்ட், சர்வீஸ், சீக்ரெட் போன்ற அமைப்பு விவரங்களை அது அழகாக எடுத்துவைக்கும். வால்யூமின் உள்ளே இருப்பதை எடுப்பது தனிச் சங்கதி. ஸ்னாப்ஷாட்டுக்கு வழிசெய்யாமல் கோப்பு வழியைத் தேர்ந்தெடுத்தால், எந்த வால்யூம் வேண்டும் என்று பாடில் குறித்துக் கொடுக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் எடு என்று வெளிப்படையாக அமைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் பேக்கப் முடியும், மீட்பும் முடியும், பாடுகள் எழுந்து நிற்கும். டேட்டாபேஸ் மட்டும் வெறுமையாக இருக்கும். எட்சிடி ஸ்னாப்ஷாட்டுக்கும் இதுவே பொருந்தும். கிளஸ்டரின் நினைவு முழுதும் அதில் உண்டு, உங்கள் வால்யூமின் ஒரு பைட் கூட அதில் இல்லை.

எப்போது எடுக்கிறோம் என்பதும் எளிய விஷயமல்ல. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்தால், முதல் கோப்பு பத்து மணி நிலையிலும் கடைசிக் கோப்பு பத்தே கால் நிலையிலும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ஒரே கணத்தில் எடுக்கும் ஸ்னாப்ஷாட் மேலானது: மின்சாரம் திடீரென்று போன நிலை போல அது இருக்கும், போஸ்ட்கிரெஸ் தன் லாகைப் படித்து எழுந்துவிடும். ஆனால் தரவும் லாகும் ஒரே ஸ்னாப்ஷாட்டில் இருந்தால்தான். இரண்டையும் இரு வால்யூமில் பிரித்து வைத்து, தனித்தனி நேரத்தில் எடுத்தால் அந்த நம்பிக்கை இல்லை. என்னைக் கேட்டால், ஸ்னாப்ஷாட் இருந்தாலும் டேட்டாபேஸ் தரும் முறையான டம்பையோ பேஸ் பேக்கப்பையோ தனியாக எடுத்துவையுங்கள் என்பேன். இரண்டு வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். ரெப்ளிகா இருக்கிறதே என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் தவறாக அழித்ததை ரெப்ளிகா விசுவாசமாகத் தானும் அழிக்கும்.

பிரதி விலகி இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதிலிருந்து விலகி என்பதை யோசியுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே சாம்பலாயின. அது இடத்தின் தூரம். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது வேறு. அதன் அமேசான் கணக்குக்குள் புகுந்த ஒருவன், பணம் கேட்டு மிரட்டி, பின்பு சர்வர்களோடு ஸ்னாப்ஷாட்களையும் பேக்கப்களையும் நீக்கினான். தரவுக்கும் பிரதிக்கும் ஒரே சாவி. அந்த நிறுவனம் மறுபடி எழவே இல்லை. ஆகவே இன்னொரு நகரத்தில் மட்டுமல்ல, இன்னொரு கணக்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். உங்கள் கிளஸ்டருக்கு அங்கே எழுத உரிமை உண்டு, அழிக்க உரிமை இல்லை என்று அமையுங்கள். பிரதியை மறையாக்கம் செய்தால் அதன் சாவியை அந்தக் கிளஸ்டரின் சீக்ரெட்டில் மட்டும் வைக்காதீர்கள். வீடு எரியும்போது பெட்டகத்தின் சாவியும் வீட்டுக்குள் இருந்தது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலையில் பாராட்டு கிடையாது, பிள்ளைகளே. ஒன்றும் நடக்காத நாள்தான் உங்கள் வெற்றி. ஒன்றும் நடக்காததற்கு யாரும் மாலை போடுவதில்லை. என்னோடு வேலை செய்த ஓர் அம்மையார் மாதந்தோறும் ஒரு டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து, தனி நேம்ஸ்பேஸில் மீட்டு, வரிசைகளை எண்ணி, எவ்வளவு நேரமானது என்று நோட்டில் எழுதுவார். புது ஃபீச்சர் காத்திருக்க இதற்கு என்ன அவசரம் என்று இளைய மேலாளர்கள் கேட்டதுண்டு, சிரித்துவிட்டுத் தொடர்வார். ஒரு நாள் ஸ்டோரேஜ் கெட்டது. எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று மேலிடம் கேட்டது. அவர் நோட்டைப் பார்த்து ஒரு நேரம் சொன்னார். அந்த நேரத்துக்குள் திரும்பியது. மீட்டது பெரிய திறமை என்று நான் நினைக்கவில்லை. அலுப்பூட்டும் அந்த வேலையை யாரும் கேட்காமலே, மாதத்துக்கு மாதம், மனம் சலிக்காமல் செய்தாரே, அதற்குத்தான் எழுந்து நிற்கத் தோன்றியது.

நீங்கள் தொடங்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். மீட்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியவரே செய்து பார்க்கக் கூடாது. அவர் மறதியை அவர் நினைவே மூடிவிடும். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் அந்தப் பக்கத்தையும் ஒரு காலி கிளஸ்டரையும் கொடுத்து மீட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அடுத்த மாதம் இன்னொருவரிடம் கொடுங்கள்.