கொம்பின் வளைவு

ஆயா வீடு பாகூரில். மாட்டுப் பொங்கலன்று எருமைகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசும்போது, கொம்பைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அடிக்கொம்பு பட்டையாக, வரி வரியாக, சொரசொரப்பாக இருக்கும். நுனிக்குப் போகப் போக வழவழப்பாகிப் பின்பக்கம் வளையும். அந்த வளைவை என் கை மறக்கவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் வெண்கலங்களைப் பார்த்த அன்று, அதே வளைவு கண்ணாடிக்குள் இருந்தது. பச்சை படிந்த சின்ன எருமை உருவம். உடம்பை இரண்டு மூன்று திரட்சியில் முடித்துவிட்டு, கொம்புக்கு மட்டும் அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறான் அந்தக் கொல்லன். கிண்ண மூடிகளிலும் தாங்கிகளிலும் எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை என்று உயிர்கள் நிற்கின்றன. வாழும் வீட்டு அடுப்படிக்குச் செய்த பாத்திரங்களாக எனக்கு அவை தோன்றவில்லை. இறந்தவரோடு மண்ணுக்குள் போனவை அவை.

தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், 114 ஏக்கர் ஈமத்தாழிக் காடு ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பாரிஸ்காரர் லூயி லாப்பிக்கும் வந்தார். கிடைத்தவற்றில் ஒரு பங்கு கடல் தாண்டிப் போய்விட்டது. ரீ எடுத்தவை சென்னையில் தங்கியதால்தான் நான் அந்த எருமை முன் நிற்க முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஒரு பக்கம் நன்றியாலும் ஒரு பக்கம் வலியாலும் கனக்கிறது.

புதுச்சேரிக்காரனுக்கு இது தூரத்து ஊர்க் கதை இல்லை. நம் சுத்துக்கேணியிலும் முத்திரையர்பாளையத்திலும் அப்படிப்பட்ட ஈமக்காடுகள் இருந்தன. தொல்லியலாளர் ழான் மரி கசால் அங்கே அகழ்ந்து 1956இல் பிரெஞ்சில் புத்தகமே போட்டார். அரிக்கமேட்டைத் தெரிந்த அளவுக்கு நமக்குச் சுத்துக்கேணியைத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போய், இந்த மண்ணுக்கடியில் இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது என்று காட்ட வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

எருமை எதற்கு அந்த மூடியில் ஏறியது? பலியா, செல்வமா, இறந்தவருக்குத் துணையா? அறிஞர்கள் பேசட்டும். செய்தவன் எருமையோடு பழகியவன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த எருமையைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் ஆயாதான் என்று தோன்றியது. நாற்பது வருடம் எருமை கறந்த கை அது.

அடுத்த ஞாயிறு பாகூர் போய், ஒரு புத்தகத்திலிருந்த அந்த எருமையின் படத்தைக் காட்டினேன். ஈமக்காடு என்றோ எத்தனை வருஷத்துப் பொருள் என்றோ சொல்லவில்லை. ஆயா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து வெகுநேரம் பார்த்தது.

"மூக்கத் தூக்கிக்கினு நிக்குது பாருடா. அப்பத்தான் கொம்பு இப்படி முதுகு மேல படுக்கும். தண்ணி வாசன புடிக்குது அது."

பிறகு புத்தகத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "யாரு வூட்டுதுடா இது?" என்று கேட்டது.