இடைவெளியில் தொலைந்த குரல்கள்

சொல் எங்கே முடிகிறது என்பது மொழியியலில் இன்றும் தீராத வினா. யூனிக்ஸ் ஷெல்லுக்கு அதில் ஐயமே இல்லை. இடைவெளியோ தத்தலோ வரிமுறிவோ வந்தால் சொல் முடிந்தது. இந்த உறுதி, மொழித்தரவைக் கையாளும் ஆய்வாளரை எவ்வளவு அமைதியாக ஏமாற்றக்கூடும் என்பதற்கு ஒரு சான்று.

ஹைதராபாத்தின் குஷாய்குடா, 1967-இல் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை அடுத்துள்ள பகுதி. நாட்டின் தொடக்கக்காலக் கணினிகளுள் அடங்கும் டி.டி.சி. வரிசை அந்நிறுவனத்தின் தயாரிப்பே. அங்கு வாடகை அறையில் தங்கியிருந்த முனைவர் பட்ட மாணவி ஒருவர், சுற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பதிந்து, 60 கோப்புகளாக எழுத்தில் வடித்திருந்தார். பழைய உறவுச்சொற்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே அவருடைய வினா. எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தது. ‘வழக்கொழிந்தன’ என்று இயலின் முடிவுரையும் எழுதப்பட்டுவிட்டது.

எண்ணிய நிரல் எளியது. எல்.எஸ். கட்டளை தரும் பட்டியலை ஃபார் சுழற்சிக்குள் இட்டு, ஒவ்வொரு கோப்பிலும் கிரெப் கொண்டு தேடியது. 40 கோப்புகளின் பெயர்களில் இடைவெளி இல்லை. முதியோரைப் பதிவுசெய்த உதவியாளர் மட்டும், தம் 20 கோப்புகளுக்கு ‘குஷாய்குடா நேர்காணல் 3’ என்ற பாங்கில் மும்மூன்று சொற்களாகப் பெயரிட்டிருந்தார். ஷெல் அவற்றை 60 துண்டுகளாக்கி, அப்படியொரு கோப்பே இல்லை என்று 60 முறை முறையிட்டது. திரை தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பிழைச்செய்திகள் முன்பே நல் சாதனத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஆகவே மறைந்தவை சொற்கள் அல்ல. அவற்றைப் பேசிய முதியோரே.

இதைக் காட்டிக்கொடுத்தது ஓர் எளிய கூட்டல். கோப்புகள் 60, சுழற்சி சுற்றியதோ 100 முறை.

ஷெல் ஒரு வரியைப் படிக்கும் வரிசையை அறிந்தால் காரணம் விளங்கும். டாலர் குறியிட்ட மாறி முதலில் தன் மதிப்பாக விரிகிறது. விரிந்தது பின்னர்ச் சொற்களாகப் பிளக்கப்படுகிறது. அதன் பிறகே உடுக்குறி கோப்புப் பெயர்களாக விரிகிறது. இரட்டை மேற்கோளுக்குள் மாறி விரியும், ஆனால் பிளவுறாது. ஒற்றை மேற்கோளுக்குள் விரியவும் செய்யாது. ஒரு சொல்லைப் பயன்படுத்துவதற்கும் அச்சொல்லையே சுட்டுவதற்கும் மொழியியலார் காணும் வேறுபாட்டைப் படித்தவர்க்கு இது புதிதன்று.

தீர்வு இரு படிகளைக் கொண்டது. எல்.எஸ். வெளியீட்டை விடுத்துச் சுழற்சிக்கு உடுக்குறியை நேரடியாகத் தருவது முதற்படி. அதன் விளைவு மீண்டும் பிளக்கப்படுவதில்லை. சுழற்சிக்குள் மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளிட்டு எழுதுவது இரண்டாம் படி. ஒன்றை மட்டும் செய்தால் பிழை இடம் மாறுமே அன்றி நீங்காது.

பேஷில் இதற்கு அண்டை வீட்டுச் சிக்கல் ஒன்றும் உண்டு. குழாய்க்குறியின் வலப்பக்கம் வைல் சுழற்சியை வைத்துக் கூட்டினால், இயல்பாக அது ஒரு துணை ஷெல்லில் நடக்கிறது. சுழற்சி முடிந்ததும் கூட்டுத்தொகை மீண்டும் 0 ஆகத் தோன்றும். உள்ளீட்டைக் குழாய் வழியன்றித் திசைதிருப்பலாகத் தந்தால் தொகை நிலைக்கும்.

இவை மாணவருக்கு மட்டுமே நேர்பவை அல்ல. 2001-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 நிறுவிநிரலில் ஒரு மாறி மேற்கோளின்றி இருந்தது. பெயரில் இடைவெளி கொண்ட வட்டுகளை வைத்திருந்த சிலர் தம் தரவை இழந்தனர். அங்கு இழப்பு உடனே தெரிந்தது. ஆய்வில் அது அட்டவணையாகி, முடிவாகி, பிறர் எடுத்தாளும் மேற்கோளாகவும் ஆகிவிடக்கூடும்.

திருத்திய நிரல் 60 முறை சுற்றியது. முதியோரின் உரையாடல்களில் அவ்வுறவுச்சொற்கள் உயிரோடிருந்தன, இளையோரிடமே அருகியிருந்தன. ‘வழக்கொழிந்தன’ என்ற சொல் நீங்கி, தலைமுறை வேறுபாடு பற்றிய புதிய இயல் எழுந்தது. தரவு மௌனமாக இருக்கும்போது, மொழியைப் பற்றி முடிவுகட்டுமுன் சுழற்சி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.