பஸ் இல்லாத மாதங்கள்

ஜூன் 28, 2022

காலை பஸ் வரவில்லை. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று நேற்றே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் டயகம சந்தியில் சிலர் குடையோடு நின்றிருந்தோம், விடிவதற்குள் அரசாங்கம் மனம் மாறியிருக்கும் என்பதுபோல. பெட்ரோல் லீட்டர் 470 ரூபாய், கிடைத்தால். அம்மாவின் பிரஷர் குளிசை இந்த வாரத்தோடு முடிகிறது.

ஜூலை 1

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 3

அக்கரப்பத்தனைக்கு நடந்தே போய் வந்தேன். போகும்போது ஆக்ரா ஓயாப் பக்கத்து ரோடு. எஞ்சின் இரைச்சல் இல்லாமல் அந்த ஆற்றை இன்றுதான் கேட்டேன். இந்தத் தண்ணீர்தான் கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் போகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம், 150 மெகாவாட். நேற்றிரவு நாங்கள் சாப்பிட்டது மெழுகுவர்த்தியில்.

பாமசியில் அம்மாவின் குளிசை இல்லை. வேறு கம்பனியுடையது இருந்தது, அதையும் பத்து நாளைக்குத்தான் தருவார்களாம். ஆக, மறுபடியும் நடக்க வேண்டும்.

திரும்பும்போது மூன்று பெண்கள் மேல் ரோட்டுக்கு வழி காட்டினார்கள். தலையில் தமிழ்நாட்டு நிவாரண அரிசி. 40,000 தொன் அனுப்புவதாக ஸ்டாலின் அரசு சொன்னதைப் பேப்பரில் படித்து, பெரிய கணக்காக நினைத்திருந்தேன். இங்கே அது ஆளுக்கு ஒரு பை.

தோட்ட ரோடுகளை மாட்டுவண்டிக்காக வெட்டினார்கள். தேயிலைப் பெட்டி ரயிலுக்குப் போகவேண்டும், மாடு மூச்சு வாங்கக்கூடாது. 1885இல் நானுஓயா வரை ரயில் வந்துவிட்டது. மாட்டுக்காகத்தான் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி, சாய்வே தெரியாமல் ஏறுகிறது. மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் குறுக்கில் நேராக ஏறுகிறார்கள். அரிசியோடு அந்தப் பெண்களும் அப்படித்தான் ஏறினார்கள். "நீங்க ரோட்டாலயே வாங்க சேர்" என்றாள் ஒருத்தி. ரோட்டால் நான் வந்து சேர்ந்தபோது அவர்களைக் காணவில்லை.

வீட்டில் அம்மா மருந்துப் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேல் ரோட்டுலயா வந்த? பெரிய கான் தாண்டுன முடக்குல ரெண்டு சவுக்கு நிக்குமே, இருக்கா?" ஒன்றுதான் நிற்கிறது என்றேன். எந்தப் பக்கத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 9

கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்துவிட்டது. நீச்சல் தடாகத்தில் குளிக்கிறார்கள். லயம் முழுக்க ஃபோனும் கையுமாக நிற்கிறது. ஒரு பையன், கொழும்பு ஹோட்டல் வேலை போய்த் திரும்பி வந்தவன், "நானும் அங்க நின்டிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஜூலை 13

விடியற்காலையில் ஜனாதிபதி மாலைதீவுக்கு ஓடிவிட்டாராம். நான் குளிசைக்கு நடந்தேன். இந்த முறை சவுக்கைப் பார்த்து வைத்தேன்: கீழ்ப்பக்கத்து மரம்.

ஜூலை 14

ஜனாதிபதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கு பஸ் ஓடுமா?"

ஜூலை 27

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, வாரத்தில் மூன்று நாள். இன்று இல்லை. குளிசை கைவசம் இருக்கிறது. ஆனாலும் நடக்கப் போனேன். அக்காவிடம் காரணம் ஒன்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

பால்மோரல், சென்ட்ரிங்ஹாம், கிளாஸ்கோ, டொரிங்டன், வேவர்லி. ஊர் ஏக்கத்தில் துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்கள். பிரித்தானியாவில் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி, கிராமம் கிராமமாக நடப்பது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்காம். அதே பெயர்களுக்கு நடுவே நான் நடந்தால், யாராவது ஒருவர் நிறுத்தி "யாருக்கு சேர் சுகமில்ல?" என்று கேட்கிறார்.

ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், மலையோரம் விறகு கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயாவோடு நின்று பேசினேன். பென்ஷன் வயது எப்போதோ கடந்தவர். "ரோட்டப் பாத்தே நடக்குறீங்க. மலையப் பாருங்க" என்றார். பார்த்தேன், பச்சையாகத்தான் இருந்தது. அவர் ஓர் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தபிறகே மஞ்சள் தெரிந்தது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். எடுத்த பிறகு உரத்தின் விலை யாருக்கும் எட்டவில்லை. "ஒரம் போடாத மலையில கொழுந்து எங்கருந்து வரும்? கிலோ கொறஞ்சா அரைப்பேரு." 1000 ரூபாய் சம்பளம் வாங்கிக் கொடுத்ததாகப் போன வருஷம் வெடி கொளுத்தினோம். அந்த ஆயிரத்தை மாவின் விலை தின்றுவிட்டது. மிச்சத்தை இந்த அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

தேயிலை வரலாறு எனக்கு மனப்பாடம். 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெயிலர், 19 ஏக்கர். பரீட்சைக்கு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மஞ்சள் இலையை அடையாளம் காண எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்லித்தராமல் விட்டார்கள். கூடையைத் தொட விடாமல் அம்மாதான் என்னைப் படிக்க அனுப்பினார்.

இரவு அந்த இலையை அம்மாவிடம் கொடுத்தேன். எந்த மலையிலிருந்து என்று சரியாகச் சொன்னார். ஊகமாகவும் இருக்கலாம். அந்த மலையில் தான் கொழுந்தெடுத்த காலத்தில் கங்காணியோடு நடந்த சண்டையை ஆரம்பித்து, சாப்பாடு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 22

மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340.

ஆகஸ்ட், திகதி பார்க்கவில்லை

பஸ் ஓடுகிறது. ஏறினேன். ஜன்னல் கண்ணாடியில் நீராவி. "இன்னைக்கி எந்தப் பக்கமா வந்த?" என்று அம்மா கேட்டபோது, பஸ்ஸில் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஈரச் சப்பாத்தோடு, அட்டைக்கடியோடு ஒருவன் எத்தனை நாள் நடப்பது?

செப்டெம்பர் 9

எலிசபெத் மகாராணி நேற்று பால்மோரலில் இறந்துவிட்டார். ஸ்கொட்லாந்துப் பால்மோரலில். நம்முடைய பால்மோரலில் இன்றும் வழமைபோலக் கொழுந்து நிறுத்திருப்பார்கள்.

செப்டெம்பர் 19

மகாராணிக்காக அரசாங்க விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை என்று தெரிந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "எனக்கும் ஒருக்கா காட்டு." முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே என்று அக்கா கத்தினாள். நான் நடுவில். பாலம் வரைக்கும்தான் என்று பேச்சு.

பாலம் தாண்டியும் நடந்தார். முதல் முடக்கில் குறுக்கு பிரிகிறது. ரோட்டால் போவோம், சாய்வு குறைவு என்றேன். "அது மாட்டுக்கு வெட்டுனதுடா." சேலையைச் செருகிக்கொண்டு படி ஏறிவிட்டார். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கூப்பிட்டார்: "வாங்க சேர்."

இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது. அக்கா என்னோடு பேசவில்லை. வருகிற ஞாயிறு சவுக்கு வரைக்கும் போகவேண்டும் என்கிறார் அம்மா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.