போலீசா, டீச்சரா?

எங்க ஊர்ல பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைங்க வாயில வர்றது ரெண்டே வேலைதான்: போலீஸ், டீச்சர். பட்டணத்துல இருக்கிற உங்களுக்குச் சிரிப்பா இருக்கலாம். நாங்க பார்த்து வளர்ந்த மாசச் சம்பளக்காரங்க அவங்கதானே.

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாவது பாஸ் போதும். எழுத்துத் தேர்வு முடிஞ்சா, ஆம்பளைப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். அதுக்காக விடியக்காலையிலயே ஏரிக்கரையில ஓடுறானுங்க. தண்ணி பாய்ச்சப் போற நான்தான் ஒதுங்கி வழி விடணும்.

டீச்சர் வழி நீளம். பிளஸ் டூவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ டிப்ளமோ, பிறகு டெட். அதுல பாஸானாலும் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு. கூலி வேலை செய்யிற வீடு எத்தனை வருஷம் தாங்கும்?

என் தம்பி மகளுக்கு டீச்சர் ஆசை. சாயங்காலமானா ஏழெட்டுப் பொடிசுங்க திண்ணையில உக்காந்து அவகிட்ட வாய்ப்பாடு ஒப்பிக்கும். வீட்டு நகை அடகுல கிடக்கு. தம்பி போலீசுக்கு எழுதச் சொல்றான்.

"ரெண்டுக்கும் எழுதுறேன், பெரியப்பா"ங்குறா. டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. தம்பிகிட்ட இன்னும் சொல்லல. நான்தான் சொல்லணுமாம்.