மகளின் பத்திரிகையும் என் வாழை இலையும்

பத்திரிகை கைக்கு வந்ததும் நாம் படத்தைப் பார்க்கிறோம், கோலத்தைப் பார்க்கிறோம், சமையல் குறிப்பைக் கத்தரித்து வைக்கிறோம். எந்தப் பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று யாரோ ஒருவர் மண்டையை உடைத்துக் கொண்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? என் மகள் ஃபேஷன் படிப்பில் சேரும் வரை நான் எண்ணியதே இல்லை!

இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ஒரு பிராஜெக்ட். 16 பக்கத்தில் ஒரு ஃபேஷன் பத்திரிகை. லேஅவுட் முழுவதும் அவளே செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து, இண்டு இடுக்கு விடாமல் நிரப்பிக்கொண்டு போனாள். "பகட்டாக இருக்கிறது. இதை யார் படிப்பார்கள்?" என்று திருப்பித் தந்து விட்டார் ஆசிரியை. பாக்கி இருந்தது பத்தே நாள்.

"எனக்கு இது வராதும்மா. படிப்பை விட்டுடறேன்" என்று இரவெல்லாம் அழுதாள். அந்த வருஷத்து ஃபீஸுக்காக என் இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. என்னவர் முகம் சுண்டிப் போயிற்று.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷமாகப் பத்திரிகை படிக்கிறவளாயிற்றே! "நீ எப்படிம்மா படிப்பே?" என்று மறுநாள் கேட்டாள். சொன்னேன்: "அடுப்பில் பாலை வெச்சுட்டு, நின்னுக்கிட்டே படிப்பேன். முதல்ல படம். அப்புறம் அதுக்குக் கீழே இருக்கிற வரி. அது பிடிச்சாதான் கட்டுரை. எழுத்து பொடியா இருந்தா புரட்டிடுவேன்."

நோட்டில் எழுதிக் கொண்டாள். "இலையில பரிமாற மாதிரிதானேடி? உப்பும் ஊறுகாயும் ஓரத்துல, பொரியல் கூட்டு மேல் பக்கம், சோறு கீழே. எல்லாத்தையும் நடுவுல கொட்டினா சாப்பிடறவங்க எதை எடுப்பாங்க?" என்றேன். அழுத பெண் சிரித்து விட்டாள். வெற்றிடம் விடுவதும் ஒரு கலையாம். 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் பக்கங்களை அமைத்த புரோடோவிச் அதில் பேர் போனவராம். அவள் சொல்லித்தான் தெரிந்து கொண்டேன்.

பொருளையும் மாற்றினாள். எங்கள் மதுரைச் சுங்குடிதான்! துணியில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் பூக்கும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற புடவை. மாடல் யார் தெரியுமா? எதிர்வீட்டு மருமகள், ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. "வயிறு இன்னும் வத்தலையே அக்கா" என்று கூசினாள். "சுங்குடி கட்டுறவங்க உங்களை மாதிரிதானே இருப்பாங்க அக்கா" என்று என் மகள் சமாதானம் செய்து, காலை வெயிலில் மொட்டை மாடியில் படம் எடுத்தாள். கறுப்பு நிறத்துக்கு அரக்குச் சுங்குடி அத்தனை எடுப்பு!

உங்கள் வீட்டிலும் இப்படிப் படிக்கிற பிள்ளை இருந்தால் சில விஷயங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். மடிப்பை ஒட்டி எழுத்து வந்தால் உள்ளே மறைந்து விடும். ஓரம் வரை போகிற படத்தை, வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பது வழக்கம். திரையில் தெரிகிற வண்ணம் தாளில் அப்படியே வராது. அதனால் ஒரு பக்கத்தை முதலில் அச்சடித்துப் பார்ப்பது நல்லது. ராத்திரி கண் விழிக்கிற பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். அவ்வப்போது திரையை விட்டுத் தூரமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் மார்க் கிடைக்கவில்லை. ஆனால் ஆசிரியை 16 பக்கத்தையும் நிதானமாகப் புரட்டிப் படித்தாராம். எதிர்வீட்டுப் பெண் தன் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி விட்டாள். வளையல்கள் இன்னும் அடகில்தான், வந்து விடும். மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

"இந்தப் படமெல்லாம் சோறு போடுமா?" என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள் சகோதரிகளே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாசகியாகப் படித்துச் சொல்லுங்கள். அதற்குப் பள்ளிப் படிப்பே போதும்.