அமுதசுரபியில் ஒரு மதியம்

குறிகட்டுவானில் படகேறியபோது என் பையில் கைதடி முதியோர் இல்லத்துக்கான விண்ணப்பப் படிவம் இருந்தது. நயினாதீவில் தனித்து வாழும் ஐயா ஒருவருக்காக. நாற்பது வருடம் படகோட்டி ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில்.

"பிள்ளை, முதல்ல சாப்பிடுவம்" என்று நாகபூசணி அம்மன் கோயில் அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்கு அழைத்துப்போனார். மணிமேகலைக்கு அட்சயபாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இத்தீவுதான் என்பது ஊரார் நம்பிக்கை. பரிமாறிய பெண் ஒருவர், கேளாமலே அவருக்கு மட்டும் சோற்றைக் குழைத்து வைத்தார். ஐயாவுக்குப் பல்லில்லை.

"1985 இல குமுதினிப் படகில சனத்தை வெட்டின பிறகு கடலில இறங்கவே நடுக்கம். எண்டாலும் ஆனித் திருவிழாவுக்கு அரிசி மூட்டை ஏத்தினனான். கூலி வாங்கேல்லை. இப்ப அம்மா எனக்குச் சோறு போடுறா."

சாப்பிட்டதும் எழுந்து, அடுத்த பந்திக்குத் தண்ணீர் வார்க்கப் போய்விட்டார். கை நடுங்கியது; தண்ணீர் சிந்தியது. ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் படிவத்தில் வருமானம், நோய், ஆதரவாளர் என்றெல்லாம் கேள்விகள் உண்டு. இதை எங்கே எழுதுவது?

"இரவில நெஞ்சு நோ வந்தால் என்ன செய்வீங்கள், ஐயா?" என்று கேட்டேன். மாரிக்காலக் கடலை நினைத்தால் எனக்கே பயம்.

அவர் பதில் சொல்லவில்லை. இறங்குதுறைவரை வந்து, "பிள்ளையை உள்ளுக்கு இருத்து, நனையாமல்" என்று படகுக்காரத் தம்பியிடம் சொன்னார். படிவம் கையொப்பமில்லாமல் என்னுடன் திரும்பியது.