மண்டையோடு யாருடையது?

முதலில் தொலைந்தது அந்த ஓசை. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் அம்புலிமாமாவைக் கடைக்காரர் கிளிப்பிலிருந்து உருவும்போது எழுமே, 'சடக்'கென்று, அது. அப்புறம் புது மை வாசனை. அப்புறம், ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே "எங்க, எடு பாக்கலாம்" என்று வந்து உட்காரும் அத்தை.

அவள் கதையைப் பிறகுதான் படிப்பாள். முதலில் படம்.

சங்கர் வரைந்த அந்த விக்கிரமன் படத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உருவிய வாள், தோளில் பிணம், தரையில் மண்டையோடு. 1952-இல் அந்த இதழில் சேர்ந்தவர் அவர். கதை மாதாமாதம் மாறும். தலைப்புப் படம் மாறாது. ஏன் வேறு படம் போடுவதில்லை என்று கேட்டால், "ராசா இன்னும் போய்ச் சேரலியே கண்ணு, அப்பறம் எப்படிப் படம் மாறும்?" என்பாள். மூலத்தில் வேதாளக் கதைகள் 25-தான். அம்புலிமாமாவிலோ பத்தாண்டுகள் பல கடந்தும் ராசா நடந்துகொண்டே இருந்தார்.

"வாள் எதுக்கு அத்தை?"

"சும்மாத்தான். தோள்ல கெடக்கறது கேள்வி. அதை வெட்ட முடியுமா?"

பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். இப்படி இரண்டு பக்கமும் அடைபட்ட ஒருவன் ஏன் இவ்வளவு நிமிர்ந்து நடக்கிறான் என்று, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல், விரலால் அந்தத் தோளைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருப்பாள், எனக்குத் தூக்கம் வரும்வரை. சங்கர் இதையெல்லாம் நினைத்துத்தான் வரைந்தாரா? எங்களுக்கு அது பொருட்டே இல்லை.

மண்டையோட்டுக்கு மட்டும் பொருள் சொல்ல மாட்டாள். "அது யாருதுன்னு நீ பெரியவனாகிச் சொல்லு."

இதழ் நின்றுபோய் வருடங்களாகின்றன. சங்கரும் 2020-இல், 96 வயதில் போய்விட்டார். பத்மஸ்ரீ அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய இதழ்கள் இப்போது என் டேப்லெட்டில் இருக்கின்றன. இரண்டு விரலால் விரித்தால் வாளின் பிடிவரை பெரிதாகிறது. இன்னும் விரித்தால் அச்சுப் புள்ளிகள். அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் படித்துச் சொன்ன ஒரு குரல் இருந்திருக்கும். எத்தனை பெரிதாக்கினாலும் அது கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு இப்போது விடை தெரியும் அத்தை. அது, பதிலை வைத்துக்கொண்டு சொல்ல ஆளில்லாமல் போனவனுடையது.